நர்ஸம்மா வந்தால் ஆள் போய்விடுவாரா?

"அந்த நர்ஸம்மா வீட்டுக்கு வர ஆரம்பிச்சிட்டாங்கன்னா ஆறு மாசம்தாம்மா கணக்கு." ஆம்பூரைச் சுற்றி இந்தப் பேச்சைக் கேட்காத வாரம் எனக்கு இல்லை. துத்திப்பட்டில் கேட்டேன், பெரியவரிகத்தில் கேட்டேன், பேரணாம்பட்டு பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரம்மா சொல்லிக் கேட்டேன். சில இடங்களில் இதற்குக் கையும் காலும் முளைத்திருக்கிறது. பையில் ஒரு ஊசி இருக்குமாம். அதைப் போட்டால் வலி தெரியாதாம். மறுநாள் ஆளே இருக்க மாட்டாராம். அரசாங்கத்துக்குச் செலவு மிச்சமாம். படித்த பிள்ளைகளும் இதை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். அதனால் என்ன நடக்கிறது தெரியுமா? பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாக இருக்கும் அப்பாவைப் பார்க்க ஒன்றியத்துச் செவிலியர் வாசலில் வந்து நிற்கிறார். உள்ளே இருப்பவர்கள், "எங்க வீட்ல அப்படி யாருமில்ல சிஸ்டர்" என்று கதவைச் சாத்துகிறார்கள்.

நான் சமுதாய நலச் செவிலியராக வேலை பார்த்தவள். எனவே இந்த வதந்தியைப் பற்றிச் சற்றுக் கோபமாகவே பேசப்போகிறேன்.

முதலில், வாசலில் வந்து நிற்கிறவர் யார்? 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கி வைக்கப்பட்டது. அதில் நம் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்தது ஒரு பகுதிதான்: மாதம் தவறாமல் பிபி மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் கொண்டுவந்து தரும் பெண் தன்னார்வலர். அந்த 'மாத்திரை அம்மா'வை யாரும் விரட்டுவதில்லை, மோர் கொடுத்து உட்கார வைப்பார்கள். அதே திட்டத்தில் ஒன்றியத்துக்கு ஒரு நோய் ஆதரவு (பாலியேட்டிவ்) செவிலியரும் ஒரு இயன்முறை சிகிச்சையாளரும் உண்டு. வண்டியில் வீடு வீடாகப் போவது அவர்கள் வேலை. வயிற்றின் வழியாக வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு அதற்கான திரவப் பைகளும் இத்திட்டத்தில் கிடைக்கின்றன. 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது கிடைத்த திட்டம் இது. காசு கிடையாது. வருமானச் சான்றும் கேட்பதில்லை. இத்தனையும் வாசலுக்கு வந்தும் கதவைச் சாத்துகிறோம்.

சரி, "அவங்க வந்த வீட்ல எல்லாம் சாவு விழுந்திருக்குதே, அது எப்படி?" என்பார்கள். நியாயமான கேள்விதான், பதில் சொல்கிறேன். புற்றுநோய் என்று தெரிந்ததும் சொந்தக்காரர் சொன்ன ஊருக்கெல்லாம் அலைந்து, நகையை அடகு வைத்து, பத்தியம் பிடித்து, கடைசியில் "இனி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்ன பிறகுதான் நம் ஆட்கள் செவிலியரைக் கூப்பிடுகிறார்கள். மூன்று வாரம் மிச்சமிருக்கும்போது கூப்பிட்டால் மூன்று வாரத்தில்தான் முடியும். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது கரையில் மணல் மூட்டை அடுக்கினார்களே, அவர்களால்தான் வெள்ளம் வந்தது என்று சொல்வோமா?

சீக்கிரம் கூப்பிட்டால் என்ன ஆகும் என்பதையும் உலகம் சோதித்துப் பார்த்துவிட்டது. 2010-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், முற்றிய நுரையீரல் புற்றுநோய் கொண்ட 151 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். இன்னொரு பிரிவுக்கு அதோடு ஆரம்பத்திலிருந்தே நோய் ஆதரவுச் சேவையும். கடைசி நாள்களில் கடுமையான மருந்துகளை ஏற்றிக்கொண்டவர்கள் இரண்டாவது பிரிவில் குறைவு, மனச்சோர்வும் குறைவு. ஆயுளோ அவர்களுக்கு நடுக்கணக்கில் 11.6 மாதம், முதல் பிரிவுக்கு 8.9 மாதம். ஆறு மாசக் கணக்கு போடுகிறவர்கள் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்கட்டும்.

பையில் இருப்பதாகச் சொல்லும் அந்த 'கடைசி ஊசி' கதை, வலி மருந்தான மார்ஃபினைப் பற்றியது. வீட்டில் பெரும்பாலும் தரப்படுவது ஊசியே அல்ல, மாத்திரை. செவிலியர் தன் இஷ்டத்துக்குத் தர முடியாது. மருத்துவர் எழுதித் தர வேண்டும். வலியின் அளவு பார்த்துக் குறைந்த அளவில் தொடங்கி, நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை என்று கணக்காகக் கொடுப்பது அது. அப்படிக் கொடுத்தால் ஆயுளைக் குறைக்காது. அது தரும் பெரிய தொல்லை மலச்சிக்கல். அதற்கும் சேர்த்து மருந்து எழுதுவார்கள். உண்மையில் இந்த நாட்டில் நடந்த கொடுமை இதற்கு நேர் எதிரானது. 1985-இல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் ஆஸ்பத்திரிகளே மார்ஃபின் வாங்கி வைக்கப் பயந்தன. வலியில் துடித்தவர்கள் துடித்தபடியே போனார்கள். 2014-இல் திருத்தம் வந்த பிறகுதான் வழி கொஞ்சம் எளிதானது. சட்டம் வழிவிட்ட பிறகும் தெருப்பேச்சு மறிக்கிறது.

இன்னொன்று. நோய் ஆதரவு என்றாலே புற்றுநோய், புற்றுநோய் என்றாலே சாவு என்ற கணக்கே தப்பு. அந்தச் செவிலியர் பார்க்கும் வீடுகளில் பக்கவாதம் வந்தவர் இருப்பார், மரத்திலிருந்தோ சாரத்திலிருந்தோ விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டவர் இருப்பார், வயது முதிர்ந்து எழுந்திருக்க முடியாத பாட்டி இருப்பார். இவர்களில் பலர் பத்து வருஷம், பதினைந்து வருஷம் இருப்பார்கள். அவர்களைப் போய்ச் சேர வைப்பது அடிப்படை நோயைவிட மூன்று சில்லறைச் சங்கதிகள்: படுக்கைப் புண், சிறுநீர்க் குழாயில் சீழ், மூக்குக் குழாயில் விட்ட கஞ்சி நுரையீரலுக்குள் போவது. மூன்றையும் தடுக்கலாம். தடுக்கத்தான் அந்த சிஸ்டர் வருகிறார்.

ஒரு வீட்டைச் சொல்கிறேன். டேனரியில் முப்பது வருஷம் தோல் இழுத்தவர். வலது பக்கம் விழுந்துவிட்டது. மனைவி இல்லை. மகள் ஷூ கம்பெனியில் தையல் பிரிவு. காலையில் கம்பெனி பஸ் வருவதற்குள் அப்பாவைத் துடைத்து, இட்லி பிசைந்து ஊட்டி, சுவர்ப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, கைக்கு எட்டும் தூரத்தில் தண்ணீர் பாட்டில் வைத்துவிட்டுப் போவாள். சாயங்காலம் பஸ் வந்து இறக்கிவிடும்வரை அவர் அதே பக்கம்தான். பாட்டில் இடது கைப்பக்கம் இருந்தால் குடிப்பார். அவசரத்தில் வலது பக்கம் வைத்துவிட்டுப் போன நாளில் குடிக்க மாட்டார்.

நான் போர்வையை விலக்கியபோது வால் எலும்பு மேல் உள்ளங்கை அகலத்துக்குப் புண். மேலே பவுடர் அப்பியிருந்தது. அதற்கும் மேலே ஸ்பிரிட். அந்தப் பெண் தன்னால் ஆனதை எல்லாம் செய்திருந்தாள், யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. புண் வருமுன் அது ஒரு சிவப்புத் தடமாக இருந்திருக்கும். விரலால் அழுத்தினால் வெளுத்து மீண்டும் சிவந்தால் பயமில்லை. அழுத்தியும் வெளுக்காமல் அப்படியே சிவந்திருந்தால் உள்ளே சதை சாக ஆரம்பித்துவிட்டது. அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது, எண்ணெய் போட்டு உருவக் கூடாது, வளையம் மாதிரித் துணி சுருட்டி வைக்கக் கூடாது. பாரம் படாமல் வைக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் போட வேண்டும். வாட்டர் பெட் வாங்கிவிட்டால் புரட்ட வேண்டாம் என்பது அதைவிடப் பெரிய கதை. வாட்டர் பெட்டிலும் புரட்டத்தான் வேண்டும்.

பக்கத்து வீட்டுப் பாட்டிக்குப் புரட்டுவது எப்படி என்று சொல்லிக் கொடுத்தோம். விரிப்பைக் குறுக்கே மடித்துப் போட்டு, அதைப் பிடித்து இழுத்தால் மெலிந்த கிழவிகூட ஒரு ஆளைத் திருப்பிவிடலாம். முதுகுக்கு ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவில் ஒன்று, குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்கு அடியில் ஒன்று. ஒன்றியத்து சிஸ்டர் வந்து வந்து கட்டுப் போட்டார். முட்டையும் பருப்பும் சேர்க்கச் சொன்னார். மாதங்கள் ஆயின, புண் மூடியது. அந்த மனிதர் இப்போதும் இருக்கிறார், வாசல் நாற்காலியில் உட்கார்ந்து போவோர் வருவோரை விசாரிக்கிறார். "நர்ஸம்மா வந்த வீடு" என்று தெருவில் பேசும்போது இந்த வீடு ஏன் யார் வாயிலும் வருவதில்லை? எனக்கு ஆத்திரம் அங்கேதான்.

கேரளத்தைப் பாருங்கள். 1993-இல் கோழிக்கோட்டில் சில மருத்துவர்கள் ஆரம்பித்த வலி நிவாரணச் சங்கம் ஊர் ஊராகப் பரவி, தெருக்காரர்களே முறை வைத்துப் படுக்கை நோயாளிகளைப் பார்க்கும் அமைப்பாக வளர்ந்தது. 2008-இல் அந்த மாநிலம் இதற்கென்றே கொள்கை அறிவித்து, பஞ்சாயத்துகளின் பொறுப்பில் சேர்த்தது. அங்கே செவிலியர் வண்டி தெருவுக்குள் நுழைந்தால் யாரும் கதவைச் சாத்துவதில்லை.

நோய் ஆதரவு சிஸ்டரைக் கூப்பிடுவது எப்படி? உங்கள் துணை சுகாதார நிலையத்துக்குப் போங்கள், அல்லது மாத்திரை அம்மாவிடமே சொல்லுங்கள். "எங்க வீட்ல படுத்த படுக்கையா ஒருத்தர் இருக்காரு, நோய் ஆதரவு சிஸ்டரும் பிசியோவும் வரணும், பேர் எழுதிக்கோங்க" என்று வாய் திறந்து கேளுங்கள். ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பேர் எழுதிய பிறகும் வரவில்லையென்றால் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலரைப் பாருங்கள். 104-க்கு அழைத்துச் சொல்லலாம். ஆனால் ஒன்று: அந்த சிஸ்டர் தினமும் வர மாட்டார். ஒரு ஒன்றியத்துக்கே ஒருவர். வந்து கட்டுப் போட்டு, குழாய் மாற்றி, உங்களுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போவார். மீதி நாள் உங்கள் கையில்தான்.

ஊரில் உலவும் மற்ற தப்பான நம்பிக்கைகளை வேகமாகப் பார்த்துவிடலாம்.

நம்பிக்கை: ஏஜென்சி அனுப்பும் 'ஹோம் நர்ஸ்' நர்ஸ்தான்.

பெரும்பாலும் இல்லை. வெள்ளைக் கோட்டுப் போட்ட உதவியாளர். அதில் தப்பொன்றும் இல்லை. குளிப்பாட்ட, ஊட்ட, புரட்ட நல்ல உதவியாளர் போதும். குழாய் மாற்ற, ஊசி போட, புண் வெட்டிச் சுத்தம் செய்ய மட்டும் விடாதீர்கள். நர்ஸ் என்று சொன்னால் தமிழ்நாடு செவிலியர் மன்றப் பதிவு எண்ணைக் கேளுங்கள். பட்டப் படிப்பு 4 ஆண்டு, ஜிஎன்எம் 3 ஆண்டு; படித்தவர் எண்ணைச் சொல்லத் தயங்க மாட்டார். ஏஜென்சி கேட்கும் மாதக் கட்டணம் ஒரு ஷூ கம்பெனித் தொழிலாளியின் சம்பளத்தை அப்படியே விழுங்கும். அதைக் கொடுக்கிறவர்கள் கேள்வி கேட்டுக் கொடுக்க வேண்டாமா? மூக்குக் குழாயில் கஞ்சி விடத் தெரியுமா என்று கேளுங்கள். தலைப்பக்கத்தை உயர்த்தி உட்கார்ந்த வாக்கில் வைத்துக் கஞ்சி விட்டு, முடிந்த பிறகும் அரை மணி நேரமாவது அப்படியே வைக்க வேண்டும் என்று சொல்லாதவரை வேலைக்கு வைக்காதீர்கள்.

நம்பிக்கை: வேலூரில் சிஎம்சி ஆஸ்பத்திரி இருக்கும்போது கவலை என்ன, கூப்பிட்டால் வீட்டுக்கே வருவார்கள்.

1900-இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கியது இன்று எவ்வளவு பெரிதாக வளர்ந்திருந்தாலும், வீட்டுக்கு வரும் சேவைக்கு எல்லை உண்டு. பாகாயத்தில் உள்ள சமுதாய நலப் பிரிவான 'சாட்' கணியம்பாடி ஒன்றியத்தைப் பார்க்கிறது, இன்னொரு பிரிவான 'ருஷா' கே.வி.குப்பத்தைப் பார்க்கிறது. ஆம்பூரில் உட்கார்ந்துகொண்டு அவர்களுக்குக் காத்திருக்காதீர்கள், உங்கள் ஒன்றியம் மாதனூர். முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்குப் பாகாயத்தில் 1966 முதல் மறுவாழ்வு மையம் இருக்கிறது. விபத்தில் தன் கால்களே செயலிழந்து, சக்கர நாற்காலியிலிருந்தபடி அறுவை சிகிச்சை செய்த மேரி வர்கீஸ் டாக்டர் உருவாக்கியது. அங்கே ஒரு முறை போய்ப் பழகி வந்தவர்கள் வீட்டில் பிறர் கையை அவ்வளவாக எதிர்பார்ப்பதில்லை.

நம்பிக்கை: எந்த மனுவாக இருந்தாலும் வேலூர் கலெக்டர் ஆபீஸ்.

2019 நவம்பர் 28-இலேயே ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டன. ராணிப்பேட்டை, வாலாஜா, மேல்விஷாரம் எல்லாம் ராணிப்பேட்டை மாவட்டம். பக்கத்திலேயே இருந்தாலும் பேரணாம்பட்டு மட்டும் வேலூர் மாவட்டம்தான். இத்தனை வருஷம் கழித்தும் நடக்க முடியாத ஆளை ஆட்டோவில் போட்டு வேலூருக்குத் தூக்கிப்போய்த் திரும்பி வருகிறவர்கள் இருக்கிறார்கள். 75 விழுக்காடு அல்லது அதற்கு மேல் உடல் பாதிப்பு என்று சான்று பெற்றவர்களுக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை இருக்கிறது; அதற்கும் மனு உங்கள் மாவட்டத்து மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில்தான்.

நம்பிக்கை: காப்பீட்டு அட்டை இருந்தால் வீட்டு நர்ஸுக்கும் அதில் கொடுப்பார்கள்.

கொடுக்க மாட்டார்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை என்பது ஆஸ்பத்திரியில் சேர்ந்து செய்யும் சிகிச்சைக்கு. ஆனால் தொழிலாளர் காப்பீடான இஎஸ்ஐ பற்றி ஒரு வார்த்தை: வேலை முடிந்ததும் அட்டை செத்துவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். குறைந்தது 5 ஆண்டு காப்பீட்டில் இருந்து, ஓய்வு வயதை எட்டி விலகியவர் ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டித் தனக்கும் கணவன் அல்லது மனைவிக்கும் மருத்துவ வசதியைத் தொடரலாம். டேனரியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்களில் இதைத் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

நம்பிக்கை: வாதம் அடித்தால் புறா ரத்தம் தடவினால் சரியாகும்.

ஆகாது. மூளை ரத்தக்குழாய் அடைப்பைக் கரைக்கும் மருந்துக்கு இருப்பது நாலரை மணி நேரம். புறா பிடிக்கப் போகாதீர்கள், 108-க்கு அழையுங்கள்.

நம்பிக்கை: வீட்டை எழுதிக் கொடுத்தாயிற்று, இனி பிள்ளை பார்த்தால் உண்டு.

2007-ஆம் ஆண்டு பெற்றோர் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம், வக்கீல் வேண்டாம். பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிய பத்திரத்தை, பார்க்காவிட்டால் ரத்து செய்யவும் அந்தச் சட்டத்தில் இடம் உண்டு. வழி தெரியாவிட்டால் முதியோர் உதவி எண் 14567.

நம்பிக்கை: பெண்கள் வேலைக்குப் போவதால்தான் பெரியவர்கள் நாதியற்றுப் போனார்கள்.

இதை வேகமாகக் கடக்க முடியவில்லை. இந்த வட்டாரம் சாப்பிடுவதே பெண்களின் கையால்தான். ஷூ கம்பெனிகளில் தைப்பவர்களும் ஒட்டுபவர்களும் பெரும்பாலும் அவர்கள். கம்பெனிக்குப் போக முடியாதவர்கள் வாசலில் உட்கார்ந்து பீஸ் ரேட்டுக்கு ஷூ மேல்தோலைக் கையால் தைக்கிறார்கள். அப்படித் தைக்கிற பலர் வீட்டுக்குள் ஒரு மாமியாரோ மாமனாரோ படுத்திருப்பதால்தான் கம்பெனி சம்பளத்தை விட்டவர்கள். அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் யோக்கியதை இல்லை. மகன்களை யாரும் கேட்பதில்லையே, ஏன்? அப்பாவைப் புரட்டிப் போட மகனுக்குக் கை இல்லையா?

ஐம்பதுக்கு மேல் பெண்கள் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 1948-லேயே தொழிற்சாலைச் சட்டத்தில் எழுதி வைத்தார்கள். தொட்டிலுக்கு இடம் ஒதுக்கிய நாம் கட்டிலுக்கு ஒதுக்கவில்லை. கே.வி.குப்பம் பக்கம் ருஷா முதியோருக்குப் பகல் நேர மையங்களை நடத்திக் காட்டியிருக்கிறது: காலையில் வருகிறார்கள், மதியம் சூடாகச் சாப்பிடுகிறார்கள், பிபி பார்க்கிறார்கள், பேச ஆள் இருக்கிறது, சாயங்காலம் வீடு. இதை ஆம்பூரில் செய்ய முடியாது என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். ஏற்றுமதியில் சம்பாதித்த பணத்தில் பள்ளிக்கூடமும் கல்லூரியும் கட்டிய ஊர் இது. ஜக்காத் கொடுக்கிற ஜமாத்துகள் இருக்கின்றன, நூறு வருஷத்துச் சர்ச்சுகள் இருக்கின்றன, பகலில் பூட்டிக் கிடக்கும் சமுதாயக் கூடங்கள் இருக்கின்றன. கம்பெனி பஸ் ஒரு பெண்ணை ஏற்றும்போதே அவள் அப்பாவையும் ஏற்றி வழியில் மையத்தில் இறக்கிவிடலாம். பஸ் ஏறவே முடியாதவர்கள் வீட்டுக்கு, மையத்திலிருந்து ஒரு ஆயா மதியம் ஒரு நடை போய்ப் புரட்டிவிட்டுத் தண்ணீர் கொடுத்துவிட்டு வரலாம். ஆயா வேலைக்கும் நம் பெண்களே வருவார்கள், சம்பளம் கொடுத்தால்.

துத்திப்பட்டிலோ சோலூரிலோ தேவலாபுரத்திலோ ஒரு கூடமும் ஒரு கழிப்பறையும் தண்ணீர் வசதியும் தர யாராவது முன்வந்தால், அந்த ஆயாக்களுக்குப் புரட்டவும் ஊட்டவும் குழாய் பார்க்கவும் கற்றுத்தர நான் வருகிறேன். ஒரு மாதப் பயிற்சி, தினம் இரண்டு மணி நேரம், சம்பளம் வேண்டாம்.